கிளியர் கோட் வெடிப்பு: எந்த அடுக்கு கெட்டிருக்கிறது?

வெயிலில் பல வருடம் நின்ற காரின் பானெட்டிலோ டாப்பிலோ ஒரு நாள் வெளுத்த திட்டு ஒன்று கண்ணில் படும். அழுக்கு என்று நினைத்துத் துடைத்தால், ஈரம் இருக்கும்வரை மறையும். காய்ந்ததும் பழையபடி தெரியும். இரண்டு மூன்று கோடை போனால் அதன் ஓரம் எழும்பி, நகத்தால் நெருடினாலே ஏடு ஏடாக உரிந்துவரும். இந்த நிலைக்கு வந்த காரை பாலிஷ் கடைக்கு ஓட்டிப்போகிறவர்கள் நிறையப் பேர். கடைக்காரரும் மெஷின் போட்டுத் தேய்த்துத் தருவார். மெழுகின் பளபளப்பில் திட்டு சில வாரம் அடங்கியிருக்கும். பிறகு முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். தேய்த்தபோது சுற்றியிருந்த நல்ல பூச்சும் மெலிந்துபோனதுதான் காரணம்.

பணத்தைக் கொடுத்துப் பூச்சையும் இழக்கிற இந்தச் சுற்றை நிறுத்த ஒரு கேள்வி போதும். பழுது எந்த அடுக்கில் இருக்கிறது? அது தெரிந்துவிட்டால், கழுவினால் போதுமா, பாலிஷா, ஒரு பேனலைத் திரும்ப அடிக்க வேண்டுமா, அல்லது தகரம்வரை உரிக்க வேண்டுமா என்பது கிட்டத்தட்டத் தானாகவே முடிவாகிவிடும். தெரியாமல் போனால், பெயின்டர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

பூச்சின் உள்ளே

தொழிற்சாலையில் காரின் வெறும் கூட்டை முதலில் கழுவி, பாஸ்பேட் கரைசலில் நனைப்பார்கள். துரு ஏறாமலும் பெயின்ட் பிடித்துக்கொள்ளவும் இது உதவும். பிறகு கூடு முழுவதையும் பெயின்ட் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். கதவின் உள்மடிப்பு, தூணின் உட்புறம் என்று ஸ்ப்ரே போகாத இடமெல்லாம் பூச்சு ஏறும். இதுதான் இ-கோட், சுமார் 20 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இ-கோட்டின் மேல் 30 முதல் 40 மைக்ரான் பிரைமர். அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், பெரும்பாலும் 20 மைக்ரானுக்குள். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட், 35 முதல் 50 மைக்ரான். எல்லாம் சேர்த்து பெரும்பாலான கார்களில் 90 முதல் 150 மைக்ரான்தான். உங்கள் தலைமுடி ஒன்றை விரலிடுக்கில் பிடித்துப் பாருங்கள். காரின் பளபளப்பைத் தாங்கி நிற்கும் கிளியர் கோட் அதைவிட மெல்லியது.

தொழிற்சாலையில் மேல்பூச்சை சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுடுவார்கள். ஓடுகிற காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஒயரும் தாங்காது. ஆகவே பட்டறையில் ஹார்டனர் கலந்த கிளியரை அடித்து, பூத் எனப்படும் சூடேற்றும் பெயின்ட் அறையில் 60 டிகிரியில் அரை மணி நேரம் வைக்கிறார்கள். பூத் இல்லாத பட்டறையில் ஒரு நாள் காற்றில் காயவிடுவார்கள். முறையாகச் செய்தால் இதுவும் பல வருடம் நிற்கும். ஆனால் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்துக்கொள்ளும் கலவை, தடிமன், காயும் நேரம் மூன்றும் இங்கே ஒரு மனிதரின் கையில் இருக்கின்றன. வெடிப்புகளில் கணிசமான பங்கு இங்கிருந்துதான் வருகிறது.

கிளியரின் வேலை பளபளப்பு மட்டுமல்ல. வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் சேர்மங்களும், கதிர் பிசினை உடைக்காமல் தடுக்கும் சேர்மங்களும் அதில் கலந்திருக்கும். அவை காலப்போக்கில் தீர்ந்துபோகும். அவை தீர்ந்த பிறகு இரண்டில் ஒன்று நடக்கும். கிளியர் தானே சிதைந்து மங்கி, நெகிழ்வு போய், வெடிக்கும். அல்லது கிளியர் பார்வைக்கு நன்றாகவே இருக்க, ஊடுருவிப் போன கதிர் அடியிலுள்ள அடுக்கின் மேற்பரப்பைத் தின்றுவிடும். பிடிமானம் போன கிளியர் ஏடு ஏடாகக் கழன்றுவிடும். முதலாவது வெடிப்பு, இரண்டாவது உரிவு. இரண்டும் ஒரே காரில் சேர்ந்தும் வரலாம்.

அடுக்குகளின் கூட்டணி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்தத் தொழிலின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1980களின் பின்பாதியிலும் 90களின் தொடக்கத்திலும் அமெரிக்க நிறுவனங்கள் சில மாடல்களில் நடுவிலுள்ள பிரைமரைத் தவிர்த்து, இ-கோட்டின் மேலேயே நிறத்தை அடித்தன. இ-கோட் எபாக்சி வகை; புற ஊதாக் கதிர் பட்டால் மேற்பரப்பு மாவாகிவிடும். நிறத்தைக் கடந்துபோன கதிர் அதைத்தான் செய்தது. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் மூன்றின் வண்டிகளிலும் பெயின்ட் பாளம் பாளமாகக் கழன்றது, வழக்குகளும் தொடர்ந்தன. இன்னொன்று பின்னாளில் நடந்தது. 2019இல் டொயோட்டா, அமெரிக்காவில் விற்ற சில மாடல்களில் பிளிசார்ட் பேர்ல், சூப்பர் ஒயிட் என்ற இரண்டு வெள்ளை நிறங்களுக்கு மட்டும், பெயின்ட் உரிந்தால் தன் செலவில் திரும்ப அடித்துத் தரும் திட்டத்தை அறிவித்தது. நாளாவட்டத்தில் வெயில் பட்டு, பெயின்டுக்கும் அடியிலுள்ள இ-கோட்டுக்கும் இடையே பிடிமானம் தளரலாம் என்று அந்த நிறுவனமே காரணம் சொன்னது.

வெள்ளை வண்டிக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை நம்மிடம் உறுதியாக வேரூன்றியிருக்கிறது. வெள்ளைக்குச் சூடு குறைவு என்பது உண்மை. நண்பகலில் கறுப்பு பானெட் 70 டிகிரியைத் தாண்டும்போது வெள்ளை அதற்கு மிகக் கீழேயே இருக்கும். ஆனால் பூச்சைக் கெடுப்பதில் சூட்டுக்கு ஒரு பங்கு, கதிருக்கு ஒரு பங்கு. வெள்ளைக்காரிலும் டாப்பை வருடத்துக்கு இரண்டு முறை ஏணி வைத்தாவது பாருங்கள். நின்ற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத பகுதி அது. உரிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

சோதனைகள்

காரைக் கழுவித் துடைத்து, நிழலில் நிறுத்தி, பேனல் சூடு தணிந்த பிறகு பாருங்கள். செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்தால் வெளிச்சம்தான் தெரியும், குறை தெரியாது.

முதலில் தண்ணீர். குறை இருக்கும் இடத்தில் நாலு சொட்டு விடுங்கள். கீறல் முற்றிலும் மறைந்தால் அது கிளியரின் மேற்பரப்பில்தான் இருக்கிறது. தண்ணீர் கீறலை நிரப்பி ஒளி சிதறாமல் செய்துவிடுகிறது. பாலிஷில் அதைப் பெருமளவு குறைக்கலாம். தண்ணீர் விட்டும் கோடு அப்படியே வெள்ளையாகவோ சாம்பலாகவோ நின்றால் அது பிரைமர்வரை போயிருக்கிறது. மங்கலும் ஈரத்தில் மறையும். அதனால் தண்ணீரை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

அடுத்து நகம். குறையின் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகம் மாட்டினால் பாலிஷில் சரியாகும் ஆழத்தை அது கடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வெளுத்த திட்டின் ஓரத்தில் படி இறங்குவதுபோல உணர்ந்தால் அங்கே கிளியர் கழன்றிருக்கிறது. சந்தேகம் இருந்தால் மாஸ்கிங் டேப்பை ஓரத்தின் மேல் அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு ஏடு வந்தால், கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற பகுதியிலும் பிடிமானம் போய்விட்டது என்று பொருள். பயந்து இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். டேப்பில் வருவது எப்படியும் அடுத்த வாட்டர் சர்வீஸில் பீச்சும் தண்ணீரில் வந்திருக்கும்.

மூன்றாவது, துணி. பழைய வண்டியோ, ஏற்கெனவே திரும்ப அடித்த வண்டியோ என்றால் கிளியரே இல்லாமல் இருக்கலாம். சாதா வெள்ளை, சாதா சிவப்பு போன்ற நிறங்களை ஒரே பூச்சாக அடிப்பது இன்றும் உண்டு. கண்ணில் படாத மூலையில் கொஞ்சம் பாலிஷை வெள்ளைத் துணியில் தொட்டுத் தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் அது ஒரே பூச்சு. அப்படிப்பட்ட வண்டி மங்கினால் பாலிஷில் நன்றாகவே மீளும், ஏனென்றால் செத்த மேற்பரப்பு போனால் அடியிலும் அதே நிறம்தான். வெள்ளைக்காருக்குக் கறுப்புத் துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வெடிப்பு. செல்போன் கேமராவைப் பெரிதாக்கி நெருக்கமாகப் படம் எடுத்தால் கண்ணுக்குத் தப்பியதும் தெரியும். வெயிலிலோ டார்ச்சிலோ ஒளிப் புள்ளியைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும் மெல்லிய கோடுகள் வெடிப்பே அல்ல; துடைத்துத் துடைத்து விழுந்த கீறல்கள். கோழி நடந்த தடமாக மூன்று விரல் பிரிந்து ஆங்காங்கே தெரிந்தால் கிளியர் நெகிழ்வை இழந்து வெடிக்கத் தொடங்கிவிட்டது. பட்டறையில் பலர் இதைக் கோழிக்கால் என்பார்கள். ஒரே திசையில் நீளமாக, அருகருகே ஓடும் கோடுகள் தடிமனாக அடித்த பூச்சுக்கு அடையாளம். ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் பிரிந்தால் அங்கே ஏதோ இடித்திருக்கிறது. பந்து, தேங்காய், டிக்கிக்குள்ளிருந்து முட்டிய சாமான் எதுவாகவும் இருக்கலாம். அகன்ற வெடிப்புகள் துண்டு துண்டாகப் பிரிந்து கிடந்தால் அடியில் தடித்த பட்டி இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை வைத்தால் மற்ற இடங்களில் பிடிக்கிற காந்தம் அங்கே நழுவும்.

கொப்புளம் இதிலிருந்து வேறு. சக்கர வளைவு, கதவின் அடிவிளிம்பு, டிக்கியின் ஓரம் ஆகிய இடங்களில் எழும்பினால் ஒன்றைக் குத்திப் பாருங்கள். உள்ளே பழுப்பு தெரிந்தால் அது துரு. பெயின்ட் வேலைக்கு முன்னால் தகர வேலை இருக்கிறது.

திரும்ப அடித்த பெயின்ட் ஏன் வெடிக்கிறது

தொழிற்சாலைப் பூச்சு மங்கவும் உரியவும் செய்யும். ஆழமான வெடிப்பு வருவது பெரும்பாலும் பட்டறைப் பூச்சில்தான். மிகப் பொதுவான காரணம் தடிமன். பளபளப்பு அதிகம் வேண்டும் என்று நாம் கேட்கிறோம். பெயின்டர் கிளியரை மூன்று நான்கு கோட் ஏற்றுகிறார். மேற்பரப்பு முதலில் காய்ந்து மூடிக்கொள்ள, உள்ளே சிக்கிய தின்னர் வெளியேற வழியில்லாமல் மாதக்கணக்கில் மெல்லப் போகிறது. போகப்போக உள்ளடுக்கு சுருங்குகிறது, மேலடுக்கு இழுபடுகிறது. நண்பகலில் தகரம் விரிந்து, கோடைமழை ஒன்று சட்டென்று குளிரவைத்தால், ஏற்கெனவே இழுபட்டு நின்ற பூச்சு விட்டுக்கொடுத்துவிடும். இரண்டு நல்ல கோட்டுக்கு மேல் கேட்காதீர்கள்.

அடுத்தது ஹார்டனர். கிளியரும் ஹார்டனரும் இரண்டுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று என்று டப்பாவில் போட்டிருக்கும் அளவில் சேர வேண்டும். சீக்கிரம் காய வேண்டுமென்று ஹார்டனரைக் கூட்டினால் பூச்சு நொறுங்கும் தன்மை பெறும். மிச்சம் பிடிக்கக் குறைத்தால் முழுமையாக இறுகாமல் மென்மையாக நின்று சீக்கிரமே மங்கும். கண் அளவில் ஊற்றுபவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அளவுக் கோப்பைதான் நம்பத் தக்கது.

பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டின் மேல் பி.யூ. (பாலியூரித்தேன்) அடிப்பதும் ஆபத்து. என்.சி. வெறும் தின்னர் ஆவியாகிக் காய்கிற பூச்சு. மறுபடி தின்னர் பட்டால் கரையும். மேலே அடித்த பூச்சின் தின்னர் அதை எழுப்பிச் சுருக்கிவிடும். தின்னர் நனைத்த துணியைச் சில நொடி அழுத்திப் பிடித்து, நிறம் கரைந்து வந்தால் அந்தப் பழைய பூச்சு முழுவதும் எடுக்கப்பட வேண்டியது.

பம்பர் தனி விஷயம். பிளாஸ்டிக் வளையும், தகரத்துக்கான பூச்சு அவ்வளவு வளையாது. பிளாஸ்டிக்குக்கான பிரைமர் போடாமல் அடித்தால் லேசாக உரசினாலே பாளமாகக் கழன்று கறுப்பு தெரியும். நெகிழ்வு தரும் கலவை சேர்க்காவிட்டால் இடித்த இடத்தைச் சுற்றி வளையம் வளையமாக வெடிக்கும்.

எல்லாவற்றிலும் வருத்தம் தருவது, வெடிப்பின் மேலேயே பெயின்ட் அடிப்பது. லேசாகத் தேய்த்து, பிரைமர் போட்டு நிரப்பி, புதுப் பூச்சு அடித்து வண்டியைக் கொடுக்கும்போது அற்புதமாகத்தான் இருக்கும். ஆனால் புதுப் பூச்சின் தின்னர் பழைய வெடிப்புகளுக்குள் இறங்கி ஓரங்களை ஊதவைக்கும். பிறகு அது வற்றும்போது அதே கோடுகள், அதே இடத்தில், ஒன்றிரண்டு கோடைக்குள் மேலே வந்துவிடும். பட்டறையில் யாரும் ஏமாற்ற வேண்டுமென்று நினைக்காமலே இது நடக்கும். தேய்க்கும் வேலைக்கு நேரம் பிடிக்கும். நாம் பேரம் பேசிக் குறைக்கிற பணம் அந்த நேரத்திலிருந்துதான் கழிகிறது.

எந்த அடுக்குக்கு எந்த வேலை

கிளியரின் மேலே ஒட்டியிருப்பதை எடுக்கத் தேய்க்கவே வேண்டாம். போர்வெல் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டதால் படிந்த உப்புக் கறைக்கு, வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து நிழலில் துணியால் ஒற்றி, ஓரிரு நிமிடத்தில் நன்றாக அலசுங்கள். தார்ப் புள்ளிக்குத் தனி ரிமூவர் இருக்கிறது. வெள்ளைக்காரில் சிறு செம்பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் துரு என்று பதற வேண்டாம். ரயில் பாதை ஓரம், பட்டறை ஓரம் நிறுத்தும் வண்டிகளில் இரும்புத் துகள் வந்து ஒட்டித் துருப்பிடிப்பது அது. இரும்பு நீக்கியும் கிளே பாரும் போதும்.

கிளியருக்குள் இருக்கும் கீறலுக்கும் லேசான மங்கலுக்கும் பாலிஷ். ஒரு கையகல இடத்தில் மிக மென்மையான பாலிஷில் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அது போதாவிட்டால் மட்டுமே கம்பவுண்ட். கடுமையான கம்பவுண்ட் ஒரு முறையில் சில மைக்ரானைக் கொண்டுபோகும். கொண்டுபோவதும் கதிரை அதிகம் தாங்கும் மேல்பகுதியைத்தான். வருடா வருடம் தீபாவளிக்கு முன் மெஷின் பாலிஷ் போடும் பழக்கம் காரின்மேல் உள்ள பிரியத்தில் வந்தது என்றாலும், உரிவை அது சில வருடம் முன்னதாகவே வரவழைக்கும். மெஷின் பாலிஷ் தேவை வரும்போது மட்டும் போதும். கையால் மெழுகு போடுவது வேறு. அதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம்.

கிளியர் உரிந்துவிட்டால் அந்த பேனலைத் திரும்ப அடிப்பதைத் தவிர மருந்தில்லை. செராமிக், டெஃப்ளான், மெழுகு எதுவும் கழன்ற பூச்சைத் திரும்ப ஒட்டாது. வினைல் ஒட்டி மறைத்தாலும் ஸ்டிக்கர் பிடிப்பது கழன்ற கிளியரைத்தான்; இரண்டும் சேர்ந்தே வரும். உடனே பணம் இல்லையென்றால் காத்திருக்கலாம். இ-கோட்டும் பிரைமரும் நன்றாக இருந்தால் தகரம் துருப்பிடிக்க நாளாகும். அதுவரை உரிந்த ஓரத்தில் வேகமான தண்ணீரைப் பீச்ச விடாதீர்கள். நிறம் வெளுத்து பிரைமர் தெரியத் தொடங்கினால் அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம்.

திரும்ப அடிக்கும்போது என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு பட்டறைக்குப் போங்கள். முதலில் மெழுகும் எண்ணெயும் போகத் துடைப்பது. பிறகு தேய்ப்பது: உரிவென்றால் பிடிமானம் உள்ள இடம்வரை, வெடிப்பென்றால் வெடிப்பின் அடிவரை. பழைய பூச்சை எடுக்க 80 முதல் 180 நம்பர் உப்புத்தாள், ஓரத்தைச் சரிவாக்க 240, 320. பிறகு ஹார்டனர் கலந்த பிரைமர். அது முழுதாகக் காய்ந்த பின் 600, 800 நம்பர் வாட்டர் பேப்பர். நிறம் இரண்டு மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஈரப் பளபளப்பு அடங்கும்வரை பத்துப் பதினைந்து நிமிடம். கடைசியில் கிளியர் இரண்டு கோட்.

பேச்சு இப்படித் தொடங்கலாம்:

“அண்ணே, இது எதுவரைக்கும் தேய்ப்பீங்க?”

“மேலாப்ல தேச்சு பிரைமர் போட்டா போதும் சார், தெரியாது.”

“வெடிப்பு தெரியாத அளவுக்கு எடுத்துட்டு ஒரு போன் பண்ணுங்க. நான் வந்து பார்த்த பிறகு பிரைமர் போடலாம். அதுக்கான கூலி எவ்ளோ ஆகுதோ சொல்லுங்க.”

இந்தக் கடைசி வாக்கியம்தான் வேலையைத் தீர்மானிக்கும். பிரைமருக்கு முன்னால் நேரில் பார்த்து, தேய்த்த இடத்தைத் தின்னர் துணியால் ஒரு முறை துடைக்கச் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் வெடிப்பு ஈரத்தில் கோடாகத் தெரியும். தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். தெரியவில்லையென்றால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கிளியரை பேனலின் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறத்தை நடுவில் மங்கலாகக் கலக்கலாம், அது நல்ல உத்தி. கிளியர் மட்டும் கதவென்றால் கதவு முழுவதும், பானெட்டென்றால் பானெட் முழுவதும் ஓடி விளிம்பில்தான் முடிய வேண்டும். நடுவில் மெலிந்து முடிகிற கிளியரின் ஓரம் எதையும் தாங்காது. உரிவு அங்கிருந்தே தொடங்கும். பின்பக்க ஃபெண்டர் டாப்போடு ஒட்டி ஓடுகிற கார்களில் இது கடினம். அதற்குக் கூடுதல் கூலி கேட்டால் நியாயம்தான்.

சில்வர், பேர்ல் நிறங்களில் ஒரு பேனலை மட்டும் அடித்தால் பக்கத்து பேனலோடு கொஞ்சம் மாறித் தெரிவதைத் தவிர்ப்பது கடினம். காரின் பெயின்ட் குறியீட்டைக் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டில் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். அதோடு நிற்காமல், கலந்த நிறத்தை ஒரு தகட்டில் அடித்து, காயவைத்து, கிளியரும் போட்டு, காருக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதே குறியீட்டு நிறமும் வெயிலில் வருடக்கணக்கில் நின்ற காரில் சற்று மாறியிருக்கும்.

மழைக்காலத்தில், முக்கியமாக ஐப்பசி கார்த்திகையில், பூத் இல்லாத பட்டறையில் வேலையைக் கொடுக்காதீர்கள். காற்றின் ஈரம் காய்கிற பூச்சில் படிந்து மேற்பரப்பு வெளிறிப்போகும். கத்திரி வெயிலில் இதற்கு நேர்மாறான தொல்லை. தின்னர் வேகமாகப் பறந்து, பெயின்ட் பேனலைத் தொடுமுன்பே பாதி காய்ந்து சொரசொரப்பாக உட்காரும். அப்போது மெதுவாகக் காயும் தின்னரும் ஹார்டனரும் வேண்டும்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் ஓரிரு தூசி இருந்தாலும் வாட்டர் பேப்பரும் பாலிஷும் சரிசெய்யும். ஒழுகலும் அப்படித்தான், நன்றாக இறுகிய பிறகு. சிறு வட்டப் பள்ளங்கள் தெரிந்தால் சிலிக்கான் பட்ட இடத்தில் அடித்திருக்கிறார்கள். ஊசித்துளைகள் தெரிந்தால் தின்னர் கொதித்து வெளியேறியிருக்கிறது. இவை இரண்டும் திரும்ப அடித்தால்தான் போகும். முதல் ஒரு மாதம் மெழுகோ செராமிக்கோ வேண்டாம்; பூச்சு முழுவதும் இறுகட்டும்.

கையில் பிடித்து அடிக்கும் ஸ்ப்ரே டப்பா கல் பட்ட புள்ளிக்கும் கண்ணாடி மூடிக்கும் சரி. பானெட், டாப் போன்ற பெரிய பேனலுக்கு ஹார்டனர் இல்லாத சாதா டப்பா கிளியரைப் போட்டால் வெயிலும் சிந்துகிற பெட்ரோலும் சீக்கிரம் கெடுத்துவிடும். ஹார்டனர் உள்ள டப்பாக்களும் கிடைக்கின்றன. அடியில் உள்ள பித்தானை அழுத்தியதும் கலந்துவிடும், அதன்பின் ஓரிரு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். அதை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதைச் சுவாசித்தால் தீராத ஆஸ்துமா வரலாம். ஒரு முறை ஒவ்வாமை பற்றிக்கொண்டால் பிறகு மிகக் குறைந்த அளவும் மூச்சைத் திணறவைக்கும். மூக்கில் கட்டிய கைக்குட்டை எதையும் தடுக்காது. வீட்டுப் போர்ட்டிகோவில் குழந்தைகள் நிற்க இதை அடிக்கவே கூடாது. பட்டறையிலும் நம் பெயின்டர் வெறும் முகத்தோடு ஸ்ப்ரே துப்பாக்கி பிடிப்பதைப் பார்த்தால் நிறுத்திச் சொல்லுங்கள். வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இந்த வேலைக்கு உகந்தது. அது உள்ள பட்டறை கொஞ்சம் அதிகம் கேட்டாலும் அங்கேயே கொடுங்கள்.

வெயிலையும் காக்கையையும் சமாளிப்பது

பூச்சின் ஆயுளை நீட்டுவதில் நிழலுக்கு இணை ஏதுமில்லை. ஆனால் மரநிழலில் வேறு தொல்லை. காக்கை எச்சம் சூடான கிளியரின் மேல் விழுந்து காயும்போது, இளகியிருந்த பூச்சு அதைச் சுற்றி இறுகித் தடம் விழுந்துவிடும். கோடையில் ஒரு பகலே போதும். தண்ணீர்ப் பாட்டிலும் ஒரு மென்துணியும் காரிலேயே இருக்கட்டும். ஈரத்துணியை எச்சத்தின் மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து, தூக்கி எடுங்கள். தேய்க்காதீர்கள்; அதில் மண்ணும் விதையும் இருக்கும்.

அடுக்குமாடிகளில் தினமும் காலையில் ஒரே வாளித் தண்ணீரிலும் ஒரே துணியிலும் பத்துக் கார்கள் துடைக்கப்படுகின்றன. முதல் காரின் மணல் பத்தாவது காரின் பானெட்டில் கோடு போடும். துடைப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் காருக்கென்று இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்து, தினமும் வேண்டாம், வாரம் இரண்டு முறை நிறையத் தண்ணீர் விட்டுத் துடையுங்கள் என்று சொன்னால் அவருக்கும் வேலை குறையும். துணி துவைக்கும் பவுடர் கலக்க வேண்டாம். கார் ஷாம்பு போதும். பளபளப்புக்காக டீசலிலோ மண்ணெண்ணெயிலோ துடைப்பதைக் கண்டிப்பாக நிறுத்துங்கள்.

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் வாரக்கணக்கில் பானெட்டிலேயே காய்ந்து கிடப்பதைப் பார்க்கிறோம். காய்ந்ததைத் துணியால் தேய்த்தால் துகள் கீறும். வெள்ளைக்காரில் குங்குமச் சாயம் தங்கிவிடும். மறுநாள் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து எடுத்துவிடலாம். கண்ணாடியில் வைத்தால் இந்தக் கவலையே இல்லை. கல்யாண வண்டிக்குப் பூ ஒட்டும் டேப்பை பெயின்டில் ஒட்ட விடாதீர்கள், முக்கியமாகத் திரும்ப அடித்த பேனலில். கவர் போடுவதென்றால் காரைக் கழுவிய பிறகு போடுங்கள். தூசியின் மேல் போட்ட கவர் காற்றில் ஆடும்போதெல்லாம் தேய்க்கும். மழையில் நனைந்த பிளாஸ்டிக் கவரை அப்படியே விட்டால் அடியில் ஈரம் புழுங்கி, பலவீனமான பூச்சில் கொப்புளம் எழும்பும்.

பழைய கார் வாங்கும்போதும், இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும்

பெயின்டின் தடிமனை அளக்கும் கருவி கையடக்கமானது. தகரத்திலும் அலுமினியத்திலும் வேலை செய்யும், பிளாஸ்டிக் பம்பரில் செய்யாது. எல்லா பேனலிலும் ஐந்தாறு இடத்தில் வைத்துப் பாருங்கள். 90 முதல் 150க்குள் ஒரே சீராக இருந்தால் தொழிற்சாலைப் பூச்சு என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு கதவில் மட்டும் 250, 300 என்றால் திரும்ப அடித்தது. 500ஐத் தாண்டி ஏறி இறங்கினால் அடியில் பட்டி. 60, 70 என்று குறைவாகக் காட்டுவதைப் பார்த்து மகிழ வேண்டாம். கம்பவுண்ட் போட்டுப் போட்டு கிளியர் மெலிந்த வண்டியாக இருக்கக்கூடும். பளபளப்பாக நிற்கும் அந்தக் காரில் ஓரிரு கோடைக்குள் உரிவு தொடங்கினால் ஆச்சரியப்படுவதற்கில்லை. ஒன்றிரண்டு பேனல் அடிக்கும் செலவை விலையிலேயே பேசிக் கழித்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் கிளியர் உரிவதும் வெடிப்பதும் தேய்மானம். அதற்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காது. விபத்தில் அடிபட்டுத் திரும்ப அடிக்கும்போது சாதாரண பாலிசியில் பெயின்ட் பொருளின் விலையில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழிப்பார்கள். கூலியும் பொருளும் பிரிக்காமல் ஒரே தொகையாக பில் போட்டால் அதில் 25 சதவீதத்தைப் பொருளின் விலையாகக் கொள்வார்கள். 20,000 ரூபாய் பெயின்ட் பில் என்றால் பொருள் 5,000, அதில் பாதி 2,500 உங்கள் பொறுப்பு. அதோடு கட்டாயக் கழிவாக 1500 சி.சி. வரையிலான காருக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் போகும். தேய்மானம் கழிக்காத பாலிசி எடுத்திருந்தால் அந்த 2,500 மிச்சம். பட்டறை பொருளையும் கூலியையும் பிரித்து பில் தந்து, பொருளின் பங்கு நான்கில் ஒன்றுக்கு மேல் வந்தால், சாதாரண பாலிசிக்காரருக்கு ஒரே தொகை பில்தான் லாபம். எஸ்டிமேட் எழுதும்போதே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுங்கள். சர்வேயர் பார்த்த பிறகு பில்லை மாற்றுவது கடினம்.